கடையில் யார் உட்காரலாம்?

காஞ்சிபுரத்தின் பழைய பட்டுக்கடைகளில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். உள்ளே தரை முழுக்க மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. நாம் சுவரோரமாகச் சாய்ந்து உட்காருவோம். எதிரே விற்பவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். அலமாரியிலிருந்து ஒரு பையன் புடவைகளை எடுத்துப் போடப் போட, அவர் மடிப்பைப் பிரித்து ஒரே வீச்சில் விரிப்பார். முந்தானை வந்து அம்மாவின் முழங்காலைத் தொட்டு நிற்கும். "இது கோர்வைம்மா. கரைக்கு இழை ஓட்டுற நாடா தனி, உடம்புக்குத் தனி. தறியில ரெண்டு ஆள் வேணும், அதான் விலை" என்பார். நிறத்தில் சந்தேகம் வந்தால் அவரே எழுந்து, "டியூப்லைட்ட நம்பாதீங்க, வாசலுக்குக் கொண்டுபோய் வெயில்ல பாருங்க" என்று கையில் கொடுத்துவிடுவார். இருபது புடவை பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் கிளம்பினாலும் முகம் சுளிக்க மாட்டார்.

சின்ன வயதில் அந்தக் கடை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் நடுவில் வரும் கலரும் காப்பியும்தான் என்று நினைத்திருந்தேன். பல வருடம் பல ஊர்க் கடைகளில் ஏறி இறங்கிய பிறகு வேறொன்று புரிந்தது. அந்தக் கடையில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவசரம் இரண்டு பக்கமும் இல்லை. அங்கே எனக்குப் பிடித்த மற்ற எல்லாமே, நிதானமான பேச்சு, உண்மையான பதில், கொண்டுவந்து கொட்டும் பொறுமை, அந்த உட்கார்ந்திருப்பதிலிருந்துதான் வந்தது. எந்தக் கடை பிடிக்கும், எந்தக் கடை பிடிக்காது என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் முதலில் இதைத்தான் கவனிக்கிறேன்: இங்கே வேலை செய்பவர் உட்கார முடிகிறதா?

மெத்தைக் கடையைப் பற்றி ஏக்கமாக மட்டும் பேசினால் அது நேர்மையாகாது. அந்த மெத்தையில் எல்லாரும் கூச்சமில்லாமல் போய் உட்கார்ந்துவிடவில்லை. ஆளைப் பார்த்து, கழுத்தைப் பார்த்து, யார் கூட வந்திருக்கிறார் என்று பார்த்துத்தான் வரவேற்பு இருந்தது. விலைச் சீட்டு இருக்காது. கேட்டால்தான் விலை. கேட்கவே தயங்குகிறவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். பல மாடி ஜவுளிக்கடைகள் வந்தபோது ஜனங்கள் அலைமோதியதற்கு மலிவு மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு துணியிலும் விலை ஒட்டியிருந்தது. கூலி வேலை முடித்துக் கட்டைப்பையோடு வருபவரும் ஏசியில் நடந்து, எதையும் தொட்டுப் பார்த்து, யாரிடமும் கெஞ்சாமல் வாங்கிப் போக முடிந்தது. பேரம் பேசத் தெரியாதவருக்கும் தெரிந்தவருக்கும் ஒரே விலை. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சென்னையில் இந்த மாற்றத்தைத் தெருவிலேயே பார்க்கலாம். தியாகராய நகர் 1920களில் மனை போட்டு உருவாக்கப்பட்ட குடியிருப்புப் பகுதி. நல்லி சின்னசாமி செட்டி 1928இல் அங்கே பட்டுக்கடை தொடங்கினார். பக்கத்திலேயே மாம்பலம் ரயில் நிலையம். ரயிலை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் ரங்கநாதன் தெரு. புறநகர் ரயிலில் வரும் கூட்டத்துக்கு அதைவிட வசதியான கடைத்தெரு கிடையாது. கூட்டம் கூட, இடத்தின் விலை ஏறியது. இடத்தின் விலை ஏற, கடைகள் மாடி மேல் மாடியாக எழும்பின. மெத்தைக்கு அங்கே இடமில்லை. பத்துப் பேர் உட்காரும் மெத்தையின் இடத்தில் ஒரு நீள மேஜை போட்டால் அதன் முன்னால் நாற்பது பேர் நிற்கலாம். அப்படித்தான் கவுன்ட்டர் வந்தது. நாம் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றோம். விற்பவர் அந்தப் பக்கம் நின்றார்.

நாம் நிற்பது ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனால் மூன்று. அவர் நிற்பது காலை கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று வந்துவிட்டால் சாப்பாட்டு நேரம்கூட முறை வைத்துத்தான். தென்மாவட்டங்களிலிருந்து வந்து கடை ஏற்பாடு செய்த விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகள் நிறைய. பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். ஒரு பெண் இடது காலைத் தூக்கி வலது கணுக்காலில் தேய்த்துக்கொண்டிருப்பாள். ஒருத்தி அலமாரித் தட்டில் இடுப்பைச் சாய்த்திருப்பாள், சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் நிமிர்ந்துவிடுவாள். கலைத்துப் போட்ட புடவையை மறுபடி மடிப்பதற்காகக் கொஞ்சம் குனிந்து மேஜையில் முழங்கையை ஊன்றுவதுதான் பலருக்குக் கிடைக்கும் ஓய்வு.

நாளெல்லாம் நின்றால் உடம்புக்கு என்ன ஆகும் என்பது வேலை செய்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். ரத்தம் காலிலிருந்து மேலே ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசையின் அசைவு உதவ வேண்டும். நடக்காமல் ஒரே இடத்தில் நின்றால் அது நடப்பதில்லை. சாயங்காலத்தில் பாதம் வீங்கும், வருடங்கள் போகப் போக நரம்பு சுருண்டு புடைக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். மாதவிலக்கு நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல மாடிக் கட்டிடத்தில் கழிவறை எந்த மாடியில் இருக்கிறது, போய்வர எத்தனை நிமிடம் கொடுப்பார்கள் என்பதை வைத்துத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள்.

கேரளத்தில் போராட்டம் அந்தக் கழிவறையிலிருந்துதான் தொடங்கியது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் வேலை பார்த்த பெண்கள் ஒதுங்கக்கூட இடமில்லாமல் தவித்தார்கள். தையல் தொழிலாளியான விஜி அவர்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார். முதல் கோரிக்கை கழிவறை, அடுத்தது இருக்கை. 2014 டிசம்பர் இறுதியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பெண் ஊழியர்கள் தொடங்கிய போராட்டம் 100 நாட்களைத் தாண்டியது. மலையாளத்தில் அதற்கு 'இரிக்கல் சமரம்' என்று பெயர், உட்காருவதற்கான போராட்டம். கடைசியில் 2018இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்றது. அதே வருடம் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் வந்தது.

தமிழ்நாட்டுக்கு அது 2021இல் வந்தது. செப்டம்பர் மாதம் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த திருத்தம், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லாக் கடைகளிலும் எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும், வேலை நேரம் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் நிலை தவிர்க்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். நாட்டில் கேரளத்துக்கு அடுத்து இதைச் செய்தது தமிழ்நாடுதான். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2019 ஜூனில், 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசு அனுமதித்திருந்தது. வாங்குபவருக்கு இரவு முழுக்கக் கடை கிடைத்த பிறகுதான் விற்பவருக்கு நாற்காலி கிடைத்தது.

இது உலகத்துக்குப் புதிய யோசனை ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் 1899இலேயே இதற்கென ஒரு சட்டம் வந்துவிட்டது. கடையில் வேலை பார்க்கும் 3 பெண்களுக்கு ஒரு இருக்கையாவது இருக்க வேண்டும் என்றது அது. நம்மை ஆண்டவர்கள் அவர்கள் ஊரில் செய்துகொண்டது நம் ஊர்க் கடைக்கு வந்து சேர 122 வருடம் ஆயிற்று.

சட்டத்தில் ஒரு சொல்லை மட்டும் நிறுத்திப் படிக்க வேண்டும்: வாய்ப்பு. வேலைக்கு நடுவில் உட்காரக் கிடைக்கும் வாய்ப்பு. அந்த வாய்ப்பு வந்துவிட்டதா என்று யார் முடிவு செய்வது? வாடிக்கையாளர் யாரும் முன்னால் நிற்காத ஐந்து நிமிடம் வாய்ப்பா, அல்லது துணி மடித்து அடுக்க வேண்டிய நேரமா? சட்டம் இருக்கையைக் கடைக்குள் கொண்டுவந்து வைத்தது. உட்காரலாமா என்ற முடிவு இன்னும் சூப்பர்வைசரின் கண்ணில்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் சட்டம் வந்த புதிதில் கவுன்ட்டருக்குக் கீழே வரிசையாக பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் போனபோது ஒவ்வொரு ஸ்டூலின் மேலும் பெட்டி அடுக்கியிருந்தது.

முதலாளிகள் ஏன் இதை இவ்வளவு தயங்குகிறார்கள்? இடம் போய்விடும் என்பது ஒரு காரணம், ஆனால் ஒரு ஸ்டூல் என்ன இடத்தை அடைத்துவிடும்? உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடும் என்ற எண்ணம் இன்னொன்று. எல்லாவற்றையும்விட ஆழமான காரணம் நம்மிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரியவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். கையில் பணத்தோடு வருபவர் பெரியவராகிவிடுகிறார். விற்பவர் உட்கார்ந்தபடி பதில் சொன்னால் மரியாதை இல்லை என்று பில் கவுன்ட்டரில் புகார் சொல்லும் வாடிக்கையாளரை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் புகாருக்குப் பயந்துதான் முதலாளி நிற்க வைக்கிறார். இத்தனைக்கும் மெத்தைக் கடையில் அவர் நம் எதிரே உட்கார்ந்துதான் பேசினார், அதை யாரும் மரியாதைக் குறைவாக நினைக்கவில்லை.

உட்கார்ந்தால் வேலை மந்தமாகும் என்பதும் உண்மையில்லை. ஆல்டி என்ற ஜெர்மன் சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுபவர் உட்கார்ந்துதான் போடுகிறார். விலை மலிவுக்கும் வேகத்துக்கும் பேர் போன கடை அது. ஐரோப்பாவின் சூப்பர்மார்க்கெட்டுகளில் இது சாதாரணக் காட்சி. அமெரிக்காவில்தான் நிற்க வைக்கிறார்கள். அங்கேயும் கலிஃபோர்னியாவில், செய்யும் வேலை உட்கார்ந்து செய்யக் கூடியதாக இருந்தால் இருக்கை தர வேண்டும் என்ற விதி உண்டு. அதற்கு எப்படிப் பொருள் கொள்வது என்ற வழக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016இல் வந்த தீர்ப்பு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது: ஊழியர் நின்று செய்வதை முதலாளி விரும்புகிறார் என்பது மட்டும் போதாது, அந்தந்த இடத்தில் செய்யும் வேலையின் தன்மையைப் பார்க்க வேண்டும். பில் போடும் இடம் வேறு, சாமான் அடுக்கும் இடம் வேறு.

பெரிய ஜவுளிக்கடையில் நம்மைக் களைப்படைய வைக்கும் இன்னொரு ஏற்பாடும் இதோடு சேர்ந்ததுதான். துணியைத் தேர்ந்தெடுத்ததும் விற்பவர் ஒரு சீட்டுப் போட்டுக் கொடுப்பார். துணி நம் கையில் வராது, தனியாகக் கீழே போய்விடும். நாம் சீட்டோடு கேஷ் கவுன்ட்டருக்குப் போய் வரிசையில் நின்று பணம் கட்ட வேண்டும். அப்புறம் டெலிவரி கவுன்ட்டரில் இன்னொரு வரிசை. கடைசியில் வாசலில் வாட்ச்மேன் பில்லில் ஓட்டை போடுவார். ஏன் இத்தனை சுற்று? துணியைத் தொடுபவர் பணத்தைத் தொடக் கூடாது, பணத்தைத் தொடுபவர் துணியைத் தொடக் கூடாது, இருவரையும் மூன்றாவது ஆள் சரிபார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் ஜனம் வரும் இடத்தில் திருட்டையும் கணக்குக் குளறுபடியையும் தடுக்க இது கெட்டிக்காரத்தனமான வழி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதன் அடியில் இருப்பது யாரையும் நம்பாத கணக்கு. ஒரு மணி நேரம் பொறுமையாகப் புடவை காட்டிய பெண் அதை நம் கையில் கொடுத்து "கட்டிக்கிட்டு நல்லா இருங்க" என்று சொல்லும் அந்தக் கடைசி நிமிடம் இந்த ஏற்பாட்டில் காணாமல் போய்விடுகிறது. எனக்கு அது பெரிய இழப்பாகவே தெரிகிறது.

மற்ற எரிச்சல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவற்றுக்கு மருந்து இருக்கிறது. பில் போடும்போது போன் நம்பர் கேட்டு அடம்பிடிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது. தர மாட்டேன் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம்தான். பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் அவகாசம் என்கிறது சட்டம். முன்கூட்டிச் சொல்லாமல் பில் போடும் இடத்தில் பைக்குக் காசு வாங்குவது தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் சொல்லிவிட்டது. சண்டிகரில் ஒரு காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கிய செருப்புக் கடை 9,000 ரூபாய் கொடுக்க வேண்டி வந்தது. நம் ஊரில் ஒரு காலத்தில் ஜவுளி எடுத்தால் மஞ்சப்பை இலவசம், அதுவே வருடக் கணக்கில் வீட்டில் உழைக்கும். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது என் அம்மா பரணில் இருந்து எடுத்துக் காட்டிய பையில் கடைப்பெயர் மங்கிப் போயிருந்தது, தையல் விட்டிருக்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்துப் பார்த்துச் சொல்கிறேன். போன் நம்பர் கேட்டு நச்சரிப்பது அந்த பில் போடும் பெண் இல்லை. நம்பர் போடாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போக மறுக்கிறது. எட்டு மணி நேரமாக நின்றுகொண்டிருக்கும் அவளிடம் சட்டம் பேசினால் அவள் கண்ணில் நீர் முட்டுவதைத் தவிர வேறெதுவும் நடக்காது. மேனேஜரைக் கூப்பிடச் சொல்லி அவரிடம் பேசுவதுதான் முறை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

எங்கள் தெரு அண்ணாச்சி கடையையும் சொல்ல வேண்டும். அண்ணாச்சி கல்லாவை ஒட்டி உயரமான பலகையில் உட்கார்ந்திருப்பார். வாசலில் ஒரு மர ஸ்டூல் கிடக்கும். முட்டி வலியோடு வரும் பாட்டிகள் அதில் உட்கார்ந்து துவரம்பருப்பு, கொத்தமல்லி விதை, பூண்டு என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொல்வார்கள். சூப்பர்மார்க்கெட்டில் எத்தனை வகை இருந்தாலும் அந்த ஸ்டூல் இல்லாததால் அவர்கள் அங்கே போவதில்லை. கறிவேப்பிலை கொசுறாக வரும், அது வேறு. ஆனால் அங்கேயும் சாமான் நிறுக்கும் பையன் காலையிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தான். அண்ணாச்சியிடம் ஒரு நாள் கேட்டேன். "நானும் இப்படி நின்னுதாம்மா கடை வச்சேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான், பெருமையோடு சொன்னார். ஒருவர் பட்ட கஷ்டம் அடுத்தவருக்கு விதியாக மாறுவது இப்படித்தான். அடுத்த மாதம் உள்ளே சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய நாற்காலி போட்டிருந்தார். என்னிடம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன பொங்கலுக்கு அம்மாவை ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போனேன். சுங்குடிப் புடவை வேண்டும் என்றார். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மூன்று மணிக்குத்தான் போனோம். காட்டிய பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். அம்மாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அம்மா உட்கார்ந்ததும் எதிரே கவுன்ட்டருக்குக் கீழே இருந்த ஸ்டூலைப் பார்த்தார். அதன் மேல் நாலு பெட்டி.

"அத எடுத்துக் கீழ வச்சிட்டு உக்காரும்மா. நீ நின்னா எனக்குக் கழுத்து வலிக்குது" என்றார்.

அவள் மேலே கேமராவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நாங்கதான் உக்காரச் சொன்னோம்னு சொல்றேன், நீ உக்காரு" என்றேன். பெட்டிகளை இறக்கிவிட்டு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நன்றாகவே உட்கார்ந்துகொண்டாள். புடவை அவள் மடியிலிருந்து அம்மா மடிக்கு வந்து வந்து போனது. அரக்கில் ஒன்றை அம்மா ரொம்ப நேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குரலைத் தாழ்த்தி, "அம்மா, அது முதல் நாலஞ்சு தடவ சாயம் விடும். தனியா உப்புத் தண்ணியில போட்டு அலசணும், வெள்ளையோட சேத்துப் போட்றாதீங்க. தினப்படி கட்டறதுக்குன்னா இந்தப் பச்சைய எடுத்துக்கோங்க, இது விலையும் கம்மி" என்றாள்.